பெரியப்பாவின் தராசும் அம்மாவின் பெட்டியும்

அன்று மாலை ரப்பர் கடையில் இருந்தவர்கள்: அம்மா, அப்பா, நான், தம்பி, அபுதாபியில் ஆறு வருடம் இருந்துவிட்டு வந்த சித்தப்பா, எங்கள் சபையின் உபதேசியார், ரப்பர் ஷீட்டை எடைக்குப் போட வந்திருந்த பால் வெட்டுக்காரர்கள் இரண்டு பேர், கடைக்குச் சொந்தக்காரரான பெரியப்பா. தராசுக்குப் பக்கத்தில் படுத்துக் கிடந்த அவருடைய நாயையும் சேர்த்தால் பத்து உயிர்.

இவ்வளவு கணக்காகச் சொல்லக் காரணம் உண்டு. யார் யார் பார்த்தார்கள் என்று மறுநாள் ஒரு கேள்வி வந்தது. வராமல் போயிருந்தாலும் நான் எண்ணித்தான் வைத்திருப்பேன். என் சுபாவம் அப்படி. பள்ளிக்கூடத்தை ஒன்பதாம் வகுப்போடு விட்டவள் நான். பயப்படுவதை மட்டும் இன்றுவரை விடவில்லை.

அப்போது எனக்குப் பத்து வயது. மறுநாள் காலை அம்மா ஜெர்மனிக்குப் போக வேண்டும்.

திற்பரப்பு அருவிக்குப் போகிற ரோட்டிலிருந்து கீழே இறங்கினால் ஒரு ரப்பர் விளை. அந்தத் தோட்டத்துக்குள்தான் எங்கள் வீடு. அப்பா ரப்பர் வெட்டுகிறவர், பட்டையைக் கீறிப் பால் எடுக்கிறவர். சொந்தமாகக் கொஞ்சம் மரம், மீதி பிறத்தியார் மரம். அம்மா குலசேகரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு நர்ஸ். முந்தின நாள் உறைய ஊற்றிய ரப்பர் பாலைக் காலையில் உருளையில் கொடுத்து ஷீட்டாக அடித்து, கொடியில் காயப் போட்டுவிட்டுத்தான் வெள்ளை உடுப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவாள்.

அவள் ஜெர்மனிக்குப் போவதென்று முடிவான பிறகு ஒரு வருடத்துக்கு மேல் வீடே ஜெர்மனிக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை தோறும் மார்த்தாண்டத்தில் ஜெர்மன் படிப்பு. மற்ற நாட்களில் உருளையைச் சுற்றும்போது காதில் ஹெட்செட். கை ஒரு சுற்றுச் சுற்றும், வாய் ஒரு வார்த்தை சொல்லும். வேலிக்கு அந்தப் பக்கம் போகிறவர்கள் நின்று கேட்டுவிட்டு, அவளுக்கு ஏதோ வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு போனார்கள். சித்தப்பா மட்டும் தினமும் வாசலில் வந்து தன் அண்ணிக்கு ஜெர்மனில் காலை வணக்கமாக “குட்டன் மார்கன் மயினி” என்று சொல்லிவிட்டுக் கட்டன் சாயா கேட்பார். பரீட்சையில் முதல் தடவை அம்மா தோற்றாள். அன்றைக்கும் ஷீட் அடித்தாள். வாய் மட்டும் அசையவில்லை. அந்த முகத்தை இன்னொரு தடவை பார்க்கக் கூடாது என்று எனக்கு அன்றே தோன்றிவிட்டது.

இரண்டாம் தடவை ஜெயித்த பிறகு சாப்பாட்டுப் பயிற்சி தொடங்கியது. அவித்த மரச்சீனிக் கிழங்கை முள்கரண்டியால் குத்திப் பிடித்து, கத்தியால் அறுத்து, வாய்க்குக் கொண்டுபோக வேண்டும். நானும் தம்பியும் கூட உட்கார்ந்து பழகினோம். தம்பியின் கிழங்கு எகிறிப் போய்த் தண்ணீர்க் குடத்தில் விழுந்தது. அப்பா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கிழங்குக்கு ஆப்பரேஷன் முடிந்ததா, உயிர் பிழைக்குமா என்று கேட்டார். அப்பா பேசுவதே அபூர்வம். அதனால் அந்தப் பகடியை நாங்கள் ஒரு வாரம் வைத்துச் சிரித்தோம்.

குளிருக்கு வழி சொன்னது சித்தப்பா. வெளிநாட்டுக் குளிரைப் பற்றி ஊரிலேயே அதிகாரத்தோடு பேசத் தகுந்தவர் அவர்தான் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டிருந்தார்கள். அபுதாபியில் அவர் கண்ட ஒரே குளிர் ஏசி என்பதை யாரும் யோசிக்கவில்லை. மார்கழியில் விடிகாலையில் அருவிக்கு அடியில் நின்றால் உடம்பு பழகிவிடும் என்றார். அம்மா போய் நின்றாள். நின்றுகொண்டு, பல் கிட்டாமல், ஜெர்மன் எண்களை ஒன்றிலிருந்து நூறு வரைக்கும் உரக்கச் சொன்னாள். வெளியூரிலிருந்து குளிக்க வந்தவர்கள் தங்கள் பிள்ளைகளைத் தள்ளி நிறுத்திக்கொண்டார்கள்.

சபையில் அம்மாவுக்காக வாராவாரம் ஜெபித்தார்கள். ஜெபம் முடிந்ததும் பெண்கள் ஆளுக்கொரு பொட்டலம் கொண்டுவந்தார்கள். சம்மந்திப் பொடி, குடம்புளி, நல்லமிளகு, மீன் ஊறுகாய். ஜெர்மனியில் ஒன்றுமே விளையாது என்று எங்கள் ஊரில் ஒரு நம்பிக்கை இருந்திருக்க வேண்டும். அம்மா எதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. வாங்கிக்கொண்டு ஜெர்மனில் நன்றியாக டாங்கே என்றாள்.

பெட்டி நிறைய நிறைய அதன் எடையை மனதுக்குள் கூட்டிக்கொண்டே இருந்தேன். காரணம், சித்தப்பா சொன்ன ஒரு கதை. அவரோடு போக வேண்டிய ஒருத்தனுடைய பெட்டியில் நாலு கிலோ கூடிப்போய், வாக்குவாதத்தில் விமானம் போய்விட்டதாம். வழியனுப்ப வந்த வேனிலேயே ஏறி அவன் வீட்டுக்குத் திரும்பினானாம். அம்மாவுக்கு அனுமதி முப்பது கிலோ. அவள் போய்விடுவாளே என்று ஒரு பயம் இருந்தது. திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. பரீட்சையில் தோற்ற நாளின் முகத்தோடு அவள் வேனை விட்டு இறங்குவதுபோல நான் நினைத்து நினைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு பொட்டலம் உள்ளே போகும்போதும் கையில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் விடுவேன்.

இந்த இடத்தில் பெரியப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு மூத்த அண்ணன் முறை, அம்மாவுக்கு அத்தான். சபைக் கமிட்டியில் இருந்தார். அவர் ஜெபித்தால் ரோடு வரைக்கும் கேட்கும். சுற்று வட்டாரத்தில் ஷீட்டும், மரத்தில் காய்ந்து ஒட்டிய ஒட்டுப்பாலும் எடுக்கிற ஒரே கடை அவருடையது. கல்யாணம், காய்ச்சல், பள்ளிக்கூடம் திறப்பு என்று எதற்குப் போனாலும் முகம் சுளிக்காமல் அட்வான்ஸ் கொடுப்பார். வாங்கினவன் அடைத்து முடிக்கும்வரை வேறு கடைக்கு ஷீட் கொண்டுபோக முடியாது. அடைத்து முடிப்பதற்குள் அடுத்த காய்ச்சல் வந்துவிடும். நிறுத்த பிறகு, ஷீட்டில் ஈரம் இருக்கிறதென்று ஒரு கழிவும் உண்டு. அந்தத் தராசுக்குக் கொஞ்சம் பசி ஜாஸ்தி என்று வெட்டுக்காரர்கள் விளைக்குள் பேசிக்கொள்வார்கள். கடைக்குள் ஒருவரும் பேச மாட்டார்கள். கடன்பட்ட வாய் அது. எங்கள் வீட்டு வாயும் அப்படித்தான் இருந்தது.

கழுத்துச் சங்கிலியை விற்ற பணத்தில் அம்மா டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் அந்த அட்வான்ஸைத்தான் அடைத்தாள். அது எதற்கு இப்போது, அங்கே போய்ச் சம்பளம் வாங்கி அடைக்கலாமே என்று அப்பா கேட்டார். கடன் இல்லாத கால் விமானத்தில் லேசாக ஏறும் என்று அம்மா சொன்னாள். நான் அதையும் எடைக் கணக்காகவே எடுத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் கடைசி நாள் வேலைக்குப் போனபோது எங்கள் மூவரையும் கூட்டிப்போனாள். பிள்ளை பிறந்தவுடன் நிறுக்கிற தராசுக்கு அடுத்தாற்போல், பெரியவர்கள் ஏறி நிற்கிற இயந்திரம் ஒன்று இருந்தது. ஒவ்வொருவராக ஏறச் சொன்னாள். தம்பி, நான், கடைசியாக அப்பா. அப்பாவுக்கு அறுபது. “அறுபது, நினைவு வச்சிக்கிடுங்க” என்று இரண்டு தடவை சொன்னாள். அங்கே போன பிறகு எங்களை நினைத்துக்கொள்ளத்தான் எடை பார்க்கிறாள் என்று நினைத்தேன். இவ்வளவு நல்ல தராசு இருக்கும்போது பெட்டியையும் இங்கேயே நிறுத்தால் என்ன என்று கேட்டேன்.

“பெட்டிக்குப் பெரியப்பாக்க தராசு போதும் மக்கா” என்றாள்.

அப்படித்தான் மறுநாள் மாலை பெட்டியைச் சித்தப்பாவின் பைக்கில் வைத்துக்கொண்டு ரப்பர் கடைக்குப் போனோம். வழியனுப்பு ஜெபத்துக்கு வந்திருந்த உபதேசியாரை அம்மா வற்புறுத்தி உடன் அழைத்துவந்திருந்தாள். வெட்டுக்காரர்கள் இருவரும் ஷீட்டை நிறுத்துவிட்டு, கழிவு போக வந்த எடையைக் கேட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்கள்.

பெரியப்பா பெட்டியைப் பார்த்ததும் அது ரப்பருக்குள்ள தராசு, பெட்டியெல்லாம் அதில் நிறுக்கப்படாது என்றார்.

“ரப்பருக்கு ஒரு கிலோ, பெட்டிக்கு வேற கிலோன்னா இருக்கு அத்தான்?” என்று அம்மா சிரித்துக்கொண்டே கேட்டாள்.

வெட்டுக்காரர்களில் ஒருவர் தோளில் கிடந்த துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். பெரியப்பா ஒரு தடவை எல்லோரையும் பார்த்தார். பிறகு பெட்டியைத் தானே தூக்கி இரும்புத் தட்டில் வைத்து, மேலே சட்டத்தில் குண்டை நகர்த்தினார். இருபத்தேழு. இன்னும் மூன்று கிலோ கொள்ளும் என்றார். அம்மா பைக்கின் பின்னாலிருந்து ஒரு துணி மூட்டையை எடுத்துவந்து, பெட்டியைத் திறந்து, எல்லாவற்றுக்கும் மேலே வைத்து மூடினாள். மூட்டை முன்பே கட்டித் தயாராக இருந்தது. குண்டு நகர்ந்தது. முப்பது.

அம்மா விடவில்லை. சரியாகப் பார்த்தீர்களா என்று பெரியப்பாவைக் கேட்டாள். உபதேசியாரைக் கூப்பிட்டுக் கண்ணாடி போட்டுப் பார்க்கச் சொன்னாள். வெட்டுக்காரர்கள் இருவரையும் பார்க்க வைத்தாள். எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. பெரியப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது.

“எனக்க தராசு பொய் பறயாது பிள்ளே. பிளேனுக்காரன் தராசு தப்பினாலும் இது தப்பாது” என்றார்.

“அது போதும் அத்தான்” என்றாள் அம்மா. வேனில் இடம் கிடக்கிறது, நீங்களும் வழியனுப்ப வர வேண்டும் என்று வெட்டுக்காரர்கள் இருவரையும் அழைத்துவிட்டுப் புறப்பட்டாள். ஒருநாள் வெட்டை விட்டுவிட்டு அவர்கள் ஏன் திருவனந்தபுரம் வரைக்கும் வர வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. அவர்களுக்கும் புரிந்திருக்காது. ஆனாலும் வந்தார்கள். வேன் பயணத்தை எங்கள் ஊரில் யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை.

விமான நிலையத்தில் டிக்கெட் இல்லாதவர்களை உள்ளே விட மாட்டார்கள். கம்பித் தடுப்புக்கு வெளியே நின்றோம். உபதேசியார் சுருக்கமாக ஜெபித்தார். அம்மா தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு கண்ணாடிக் கதவுக்குள் போனாள். புது ஷூவும் பேண்டுமாக, யாரோ ஒரு பெண் போவதுபோல இருந்தது. எல்லோரும் கண்ணைத் துடைக்கத் தொடங்கினார்கள். நான் அழவில்லை. கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து அந்தக் கதவு திறந்தது. அம்மா அதே தள்ளுவண்டியோடு, அதே பெட்டியோடு வெளியே வந்தாள்.

சித்தப்பாவின் கதை அப்படியே நடக்கிறது. தம்பி அம்மா வந்துவிட்டாள் என்று கைதட்டினான். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அம்மா அவசரப்படவில்லை. தடுப்புக்குப் பக்கத்தில் வந்து, பெட்டியைத் திறந்து, மேலே இருந்த மூட்டையை எடுத்தாள். கீழே எதையும் கிளறவில்லை, துழாவவில்லை. மூட்டையைக் கம்பிக்கு மேலாக அப்பாவிடம் நீட்டினாள்.

“அங்க முப்பத்திமூணு காட்டுது. கேட்டியளா? முப்பத்திமூணு.”

அப்பாவிடம் சொன்னதை உபதேசியாரைப் பார்த்தும், வெட்டுக்காரர்களைப் பார்த்தும் இன்னொரு தடவை சொன்னாள். பிறகு குனிந்து, கம்பிக்கு உள்ளேயிருந்து கையை நீட்டி என் தலையைத் தொட்டாள்.

“பயப்படாத மக்கா. இனி எல்லாம் சரியா இருக்கும்.”

பெட்டியைச் சொல்கிறாள் என்று நினைத்து எழுந்து நின்றேன். அவள் மறுபடி உள்ளே போனாள். இந்தத் தடவை திரும்பி வரவில்லை.

வேன் புறப்பட்டது. எங்கள் ஊரில் விமான நிலையத்திலிருந்து திரும்புகிற வேன் சாவு வீட்டிலிருந்து திரும்புகிற மாதிரித்தான் இருக்கும். எங்கள் வேனும் அப்படித்தான் கொஞ்ச தூரம் ஓடியது. பிறகு, பின்சீட்டில் இருந்த வெட்டுக்காரர் ஒருவர் மெதுவாகச் சொன்னார்.

“அப்போ பத்து கிலோவுக்கு ஒண்ணு தின்னுது அந்தத் தராசு.”

மற்றவர், தான் அந்தக் கடையில் இதுவரை போட்ட ஷீட்டையெல்லாம் நினைத்துப் பார்ப்பதாகச் சொன்னார். சித்தப்பா விரல் மடக்கத் தொடங்கினார். உபதேசியார், தான் தன் கண்ணாலேயே முப்பது பார்த்ததாக, யாரும் கேட்காமலே சாட்சி சொன்னார். அதற்குமேல் வேனில் அமைதி இல்லை. ஒருவர் பேசி முடிப்பதற்குள் அடுத்தவர் பேசினார். பிளேனுக்காரன் தராசு தப்பினாலும் இது தப்பாது என்று சித்தப்பா பெரியப்பாவின் குரலிலேயே சொல்லிக் காட்டினார். உபதேசியார் சிரிப்பை இருமலாக்கப் பார்த்தார். டிரைவர் சிரித்த சிரிப்பில் வேன் ஆடியது. பாறசாலைக்கு இந்தப் பக்கம் ஒரு மரத்தடியில் நிறுத்தி, அம்மா தந்த மூட்டையைப் பிரித்தோம். வாழையிலையில் பொதிந்த புளிச்சோறு. கல்யாண வீட்டுக்குப் போய்வருகிறவர்களைப்போலச் சாப்பிட்டோம். நான் மட்டும் பாதியில் நிறுத்தி, மீதியை மடித்து வைத்துக்கொண்டேன். அதை அப்புறம் சொல்கிறேன்.

வேன் வீட்டுக்குப் போகவில்லை. நேரே ரப்பர் கடைக்குப் போனது.

பெரியப்பா தராசுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். பெண்டாட்டி நல்லபடியாக ஏறினாளா என்று அப்பாவைக் கேட்டார். அப்பா தலையாட்டினார். சித்தப்பாதான் ஆரம்பித்தார். முப்பத்திமூன்றைச் சொன்னார். பெரியப்பா கொஞ்சமும் அசையவில்லை. விமான நிலையத்துத் தராசு கெட்டுப் போயிருக்கும் என்றார்.

“அந்தத் தராச நம்பித்தான் ஓய் பிளேனே பறக்குது” என்றார் சித்தப்பா.

பெரியப்பா குரலை உயர்த்தினார். யார் பார்த்தது என்று கேட்டார். உபதேசியார் ஒரு அடி முன்னால் வந்தார். வெட்டுக்காரர்கள் இருவரும் வந்தார்கள். எல்லோருமே பெட்டியைத்தான் பார்த்தார்கள், பெட்டியில் பிறகு யார் எதைத் திணித்தார்களோ, தனக்கென்ன தெரியும் என்றார் பெரியப்பா. உபதேசியாரே தாடையைத் தடவினார். ஜெயித்துவிட்டோம் என்று வந்த வேன் அந்த ஒரு வார்த்தையில் தோற்றுவிடும்போல இருந்தது.

அப்போது அப்பா செருப்பைக் கழற்றினார். போய்த் தராசுத் தட்டில் ஏறி நின்றார். கைகளைப் பக்கவாட்டில் ஒட்டி வைத்துக்கொண்டு, சபையில் பாட்டுக்கு நிற்கிறவரைப்போல நின்றார். பெரியப்பாவின் கை குண்டுக்குப் போகவில்லை. சித்தப்பா போய் நகர்த்தினார். சட்டம் நேராக நின்றது. ஐம்பத்து நாலு.

“முந்தாநாள் ஆஸ்பத்திரியில எனக்கு அறுபது” என்றார் அப்பா. பெரியப்பாவின் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டார். “எனக்கும் ஈரக்கழிவு உண்டா அண்ணா?”

முதலில் சிரித்தது உபதேசியார்தான். பிறகு கடை முழுக்கச் சிரித்தது. நாய் எழுந்து வெளியே போய்விட்டது. அப்பா தட்டை விட்டு இறங்காமல் நின்றுகொண்டே இருந்தார். என் அப்பா அவ்வளவு உயரம் என்று எனக்கு அதுவரை தெரியாது. அந்த யோசனை அம்மா சொல்லிக்கொடுத்ததா, அப்பாவுக்கே தோன்றியதா என்று பல தடவை கேட்டிருக்கிறேன். இருவரும் ஒருவரையொருவர் கைகாட்டுவார்கள்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்த பிறகு உபதேசியார் முன்னிலையில் பேச்சு நடந்தது. பெரியப்பா கடையில் பேட்டரித் தராசு வந்தது. எண் வெளிப்பக்கம் பார்த்துச் சிவப்பாக எரியும். யார் யாருக்கு எவ்வளவு என்று பேசி, ஒரு தொகையை ஒத்துக்கொண்டு, ஷீட் பணத்தோடு சேர்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து வந்தார். வெட்டுக்காரர்களில் ஒருவர் அந்தப் பணத்தில் வீட்டுக்கு ஓடு மாற்றினார். அதற்குப் பிளேன் ஓடு என்றே பெயர். அம்மா போனில் ஜெர்மனியைப் பற்றிச் சொல்லத் தொடங்குவதற்கு முன்னால், அத்தான் இந்த மாசம் தந்தாரா என்று கேட்பாள். தந்தார் என்றால் அந்தப் பக்கம் ஒரு சிரிப்புக் கேட்கும். பனியில் நின்று சிரிக்கிற சிரிப்பு என்று நானே நினைத்துக்கொள்வேன்.

நான் பாதியில் நிறுத்திய சோற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா ஜெர்மனியில் சாப்பிட வைத்திருந்ததை நாங்கள் இப்படி உட்கார்ந்து தின்கிறோமே, அவள் அங்கே போய் இறங்கியதும் பசித்தால் என்ன செய்வாள் என்பது என் கவலை. அதனால்தான் மடித்து வைத்தேன். வீட்டுக்கு வந்து, கெட்டுப்போகும்வரை அதை அடுக்களையில் வைத்துக் காவல் காத்தேன். புளிச்சோற்றை வாழையிலையில் பொதிந்து யாராவது ஜெர்மனிக்குக் கொண்டுபோவார்களா என்று எனக்குத் தோன்றவில்லை. எல்லாவற்றையும் எண்ணுகிறவள், பொதிகளை மட்டும் எண்ணாமல் விட்டிருக்கிறேன். எத்தனையோ வருடம் கழித்து, என் பிள்ளைகளுக்குச் சோறு கட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில்தான் கை நின்றது. வேனில் நாங்கள் டிரைவரோடு எட்டுப் பேர். ஆளுக்கொன்றாகப் பொதியும் எட்டு, ஒன்று மிஞ்சவில்லை, ஒன்று குறையவில்லை. அதில் ஒன்றில் மட்டும் வற்றல்மிளகாய் இல்லை. தம்பிக்குக் காரம் ஆகாது.

பெரியப்பா இப்போது நடை தளர்ந்து வீட்டோடு இருக்கிறார். பார்க்கப் போனால் நாற்காலி போடச் சொல்லி, சாயா கொடுத்து, அம்மா எப்போது லீவில் வருகிறாள் என்று விசாரிப்பார். தராசுப் பணத்தில் மீதியை வாங்கிவிடலாமா என்று ஒரு தடவை அம்மாவிடம் கேட்டேன். கிடக்கட்டும், கடன் இப்போது அவர் பக்கம், அது அங்கேயே நிற்கட்டும் என்றுவிட்டாள். எல்லாம் கொடுத்தது போக, எங்களுக்கு அவர் இன்னும் தர வேண்டியது ஆயிரத்து நானூற்று அறுபது ரூபாய்.